இதய ஸ்கேன் படம் மங்கலாக இருந்தால் ரிப்போர்ட்டை நம்பலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதால் இதய டாக்டர் அணுமருத்துவ ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஊசி போட்டு, ஓய்வில் ஒரு முறையும், மருந்து செலுத்தி இதய ரத்த ஓட்டத்தைக் கூட்டி ஒரு முறையும் படம் எடுத்தார்கள். கையில் கொடுத்த படத்தில் ஆரஞ்சும் மஞ்சளுமாக வளையங்கள்தான் தெரிகின்றன. எல்லாம் கரைந்துபோன மாதிரி இருக்கிறது. என் நண்பர் எடுத்த சி.டி. ஆஞ்சியோவில் ஒவ்வொரு ரத்தக் குழாயும் வரைந்து வைத்ததுபோல் இருந்தது. அம்மாவின் ரிப்போர்ட்டில், 'முன்சுவரில் லேசான குறைவு, மார்பகத் திசுவின் மறைப்பால் இருக்கலாம்; இ.எஃப். 78 சதவீதம்' என்று எழுதியிருக்கிறார்கள். மெஷின் பழையதோ? அதிக பிக்சல் உள்ள மெஷினில் மறுபடியும் எடுக்கலாமா? இவ்வளவு மங்கலான படத்தை வைத்துக்கொண்டு 3 மில்லிமீட்டர் குழாயில் இருக்கும் அடைப்பை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பதில்: முதலில், படம் மங்கலாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அம்மாவை மறுபடியும் ஸ்கேனுக்கு அழைத்துப் போக வேண்டாம். அந்த மங்கல் இந்தப் பரிசோதனையின் இயல்பு. புத்தம் புது மெஷினிலும் ஓரளவு இருக்கும். ஆனால் உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. ரிப்போர்ட்டில் நீங்கள் எடுத்துக் காட்டிய இரண்டு விஷயங்களில், இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) எண்ணுக்குப் பின்னால் நேரடியாகவே இந்த மங்கல் இருக்கிறது. முன்சுவர் சந்தேகத்தைத் தீர்க்கவும் அதே மங்கல்தான் உதவப் போகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எவ்வளவு மங்கல் என்பதை அளவில் சொல்லிவிடுகிறேன். சி.டி. ஆஞ்சியோ சுமார் அரை மில்லிமீட்டர் வரை பிரித்துக் காட்டும். குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம் அதையும்விடக் கூர்மை, கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர். உங்கள் அம்மாவுக்கு எடுத்த ஸ்பெக்ட் ஸ்கேனில் (கேமரா உடம்பைச் சுற்றிவந்து எடுக்கும் அணுமருத்துவ ஸ்கேன்), வழக்கமான காமா கேமரா என்றால், கடைசியில் கிடைக்கும் படத்தின் ரெசல்யூஷன் 10 முதல் 15 மில்லிமீட்டர். அதாவது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துதான் தெரியும்.

காரணம் கதிரின் குணத்தில் இருக்கிறது. ஊசியில் போட்ட மருந்து (பெரும்பாலும் டெக்னீசியம் 99எம் சேர்த்த செஸ்டமிபி அல்லது டெட்ரோஃபாஸ்மின்) ரத்தத்தோடு போய் இதயத் தசைக்குள் தங்கிவிடுகிறது. எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம் போனதோ, ஏறத்தாழ அந்த அளவுக்கு மருந்தும் அங்கே சேர்கிறது. அங்கிருந்து 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிர் எல்லாத் திசைகளிலும் கிளம்புகிறது. ஒளியை லென்ஸ் வைத்து வளைத்துக் குவிக்கலாம். இந்தக் கதிரை அப்படி வளைக்க வழியில்லை. எந்தக் கதிர் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால், ஆயிரக்கணக்கான நுண்ணிய துளைகள் கொண்ட ஈயத் தகட்டைக் கேமராவின் முன்னால் வைத்து, துளைக்கு நேராக வரும் கதிரை மட்டும் உள்ளே விட வேண்டும். அந்தத் தகட்டைக் கோலிமேட்டர் என்போம். பத்தாயிரம் கதிர் கிளம்பினால் ஒன்றோ இரண்டோதான் அதைத் தாண்டிக் கேமராவை அடையும். மற்றதெல்லாம் வீண்.

1950-களின் பிற்பகுதியில் ஹால் ஆங்கர் உருவாக்கிய காமா கேமராவின் அடிப்படை இன்றும் பல மெஷின்களில் அப்படியேதான் இருக்கிறது. அதிலுள்ள சோடியம் அயோடைடு படிகம், கதிர் தன்மேல் விழுந்த இடத்தை 3 முதல் 4 மில்லிமீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடும். படிகத்தைக் குறை சொல்ல முடியாது. கூர்மை பெருமளவு போவது ஈயத் துளைகளில்தான். சரி, துளையை இன்னும் சின்னதாக்கினால் என்ன? கூர்மை கூடும், உள்ளே வரும் கதிர் குறையும். கூர்மையை இரண்டு மடங்காக்கினால் வரும் கதிர் நான்கில் ஒன்றாகிவிடும். கதிர் எண்ணிக்கை குறைந்தால் படத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் ஏறும். ஓர் இடத்தில் 100 கதிர்களை எண்ணினோம் என்றால், தற்செயலாகவே 10 சதவீத ஏற்ற இறக்கம் இருக்கும்; 10,000 எண்ணினால் 1 சதவீதம். இரைச்சல் மிகுந்த படத்தில் எது உண்மையான குறைவு, எது தற்செயல் என்று சொல்லவே முடியாது. கதிரைக் கூட்ட மருந்தின் அளவைக் கூட்டினால் நோயாளிக்குக் கதிர்வீச்சு அதிகம். நேரத்தை நீட்டினால் நோயாளி அசைந்துவிடுவார். அதனால்தான் ஓரளவு மங்கலைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு, நம்பத் தகுந்த எண்ணிக்கையை வாங்குகிறோம். அதற்கு மேல் கம்ப்யூட்டரில் இரைச்சலைக் குறைக்க மென்மையாக்கும்போது, படம் இன்னும் கொஞ்சம் மங்கும்.

பிக்சல் கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. இதய ஸ்பெக்ட் படம் வழக்கமாக 64-க்கு 64 கட்டங்களில் பதிவாகிறது. ஒரு கட்டம் சுமார் 6 மில்லிமீட்டர். கைப்பேசி கேமராவை நினைத்துக்கொண்டு பார்த்தால் இது மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் கதிர் ஏற்கெனவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பரவித்தான் வந்து சேர்கிறது. கட்டம் அந்தப் பரவலில் பாதியளவோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் போதும். 128-க்கு 128 ஆக்கினால் அதே மங்கல் அதிகக் கட்டங்களில் பிரிந்து நிற்கும். ஒரு கட்டத்துக்கு விழும் கதிர் கால்பங்காகி, இரைச்சல்தான் கூடும். மெஷின் விளம்பரத்தில் பிக்சல் எண்ணைப் பார்த்து யாரும் ஸ்கேன் மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இனி உங்களுடைய முக்கியமான கேள்வி: 3 மில்லிமீட்டர் குழாயை எப்படிப் பார்க்கிறோம்? பார்ப்பதே இல்லை. இந்த ஸ்கேனில் குழாய் தெரியவே தெரியாது. அந்தக் குழாய் ரத்தம் கொடுக்கும் தசையைத்தான் பார்க்கிறோம். இடது முன் இறங்கு தமனி என்ற ஒரே குழாய், இடது கீழறையின் முன்சுவர், நடுச்சுவரின் பெரும்பகுதி, இதய நுனி ஆகியவற்றுக்கு ரத்தம் கொடுக்கிறது. பல சென்டிமீட்டர் பரப்பு அது. குழாயின் மேற்பகுதியில் ஏற்படும் இறுக்கம் சில மில்லிமீட்டரில் அடங்கினாலும், அதன் விளைவு அந்தப் பரப்பு முழுவதிலும் தெரியும். வானத்து நட்சத்திரத்தின் விட்டத்தை நம் கண்ணால் அளக்க முடியாது. ஆனால் நட்சத்திரம் இருப்பது தெரிகிறது, எது பிரகாசம் எது மங்கல் என்றும் சொல்லிவிடுகிறோம். அருகருகே இருக்கும் இரண்டைப் பிரித்துப் பார்ப்பதில்தான் கண் தோற்கிறது. ஒன்று இருப்பதை அறிவதும், இரண்டைப் பிரித்தறிவதும் வேறு வேறு திறமைகள். இதய ஸ்கேன் முதல் திறமையை நம்பி நிற்கிறது.

ஓய்விலும் அழுத்தத்திலும் (மருந்து செலுத்தி இதய ரத்த ஓட்டத்தைக் கூட்டிய நிலையிலும்) இரண்டு முறை படம் எடுப்பதும் இதனால்தான். லான்ஸ் கூல்டும் அவருடைய சகாக்களும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றைக் காட்டினார்கள்: குழாய் 85 சதவீதம் வரை சுருங்கினாலும் ஓய்வு நேர ரத்த ஓட்டம் பெரிதாகக் குறைவதில்லை, ஆனால் இதயம் அதிக ரத்தம் கேட்கும்போது, 50 சதவீதச் சுருக்கத்திலிருந்தே பற்றாக்குறை தலைகாட்டத் தொடங்குகிறது. சி.டி. ஆஞ்சியோவில் சுருக்கம் எவ்வளவு என்று அழகாகத் தெரியும். அந்தச் சுருக்கத்தால் தசைக்கு ரத்தம் போதவில்லையா என்பது அந்தப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. உங்கள் நண்பரின் படமும் அம்மாவின் படமும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். கூர்மையை வைத்து இரண்டையும் ஒப்பிட வேண்டியதில்லை.

அதற்காக ரெசல்யூஷனுக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. அது நம்மைப் பாதிக்கும் இடங்கள் உண்டு. தசைச் சுவரின் உள்விளிம்பில் மட்டும் மெல்லிய தழும்பு இருந்தால் ஸ்பெக்ட் அதைத் தவறவிடலாம்; அப்படிப்பட்ட தழும்பைக் காட்ட கடோலினியம் செலுத்தி எடுக்கும் இதய எம்.ஆர்.ஐ. மேலானது. கல்லீரலிலும் குடலிலும் சேரும் மருந்து, அருகிலிருக்கும் கீழ்ச்சுவரின் மேல் பரவிக் குறைவை மறைத்துவிடலாம், அல்லது கம்ப்யூட்டர் கணக்கைக் குழப்பி இல்லாத குறைவைக் காட்டலாம். ஊசி போட்டபின் காத்திருக்க வைப்பது, கல்லீரலில் இருக்கும் மருந்து இறங்கட்டும் என்றுதான்.

மங்கலில் இன்னொரு விஷயமும் உண்டு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி அது. இடது கீழறையின் சுவர் சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமன். நம் படத்தின் மங்கலும் அதே அளவு அல்லது அதற்கு மேல். அப்படியானால் சுவரின் உண்மையான தடிமன் படத்தில் தெரியாது. 8 மில்லிமீட்டர் சுவரும் 11 மில்லிமீட்டர் சுவரும் ஏறக்குறைய ஒரே அகலத்தில்தான் தெரியும். ஆனால் மெல்லிய சுவர் பிரகாசம் குறைந்தும் தடித்த சுவர் பிரகாசமாகவும் தெரியும். தடிமன் பிரகாசமாக மாறிவிடுகிறது. இதய நுனியில் சுவர் இயல்பாகவே மெல்லியது என்பதால் நல்ல இதயத்திலும் அந்த இடம் சற்று மங்கலாகத் தெரிகிறது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இதே குறையை நாங்கள் அளவுகோலாகவும் பயன்படுத்துகிறோம். ஸ்கேனின்போது நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒட்டியிருப்பார்கள். அதை வைத்து ஒவ்வொரு துடிப்பையும் 8 அல்லது 16 பகுதிகளாகப் பிரித்துப் படம் சேர்க்கிறோம். இதயம் சுருங்கும்போது தசை தடிக்கிறது. தடித்தால் படத்தில் பிரகாசம் கூடுகிறது. சுவர் எத்தனை மில்லிமீட்டர் தடித்தது என்று நேரடியாக அளக்க முடியாத கேமரா, பிரகாசம் எத்தனை சதவீதம் கூடியது என்பதைச் சொல்லி, தசை வேலை செய்கிறதா இல்லையா என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உங்கள் அம்மாவின் முன்சுவர் விஷயம் இதை வைத்துத்தான் தெளிவாகும். மார்பகத் திசு கதிரை விழுங்குவது ரெசல்யூஷன் குறையிலிருந்து தனியான பிரச்சினை. ரெசல்யூஷன் குறைந்தால் கதிர் இடம் மாறிப் பதிவாகிறது. திசு மறைத்தால் கதிர் வந்து சேர்வதே இல்லை. 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிர் ஏறத்தாழ நான்கரை சென்டிமீட்டர் மென்திசுவைக் கடப்பதற்குள் பாதியாகிவிடும். ஆக, பெண்களில் முன்சுவரும், பல ஆண்களில் உதரவிதானத்துக்கு மேலே இருக்கும் கீழ்ச்சுவரும் சற்று மங்குவது சாதாரணம். மறைப்பா, பழைய தழும்பா என்று பிரிக்க மூன்று விஷயங்களைப் பார்ப்போம். பிரகாசக் குறைவு ஓய்விலும் அழுத்தத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா? அந்த இடம் ஒழுங்காகச் சுருங்கித் தடிக்கிறதா? திசு எவ்வளவு கதிரை விழுங்கியது என்று சி.டி. வைத்துக் கணக்கிட்டுத் திருத்தினாலோ, குப்புறப் படுக்க வைத்து எடுத்தாலோ அந்தக் குறைவு மறைகிறதா? தழும்பு நன்றாகத் தடிப்பதில்லை. மங்கலாக இருந்தும் நன்றாக அசைந்து தடிக்கும் முன்சுவர், மறைப்பையே சுட்டுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: இரண்டு படங்களுக்கு நடுவில் மார்பகம் இருந்த நிலை மாறியிருந்தால், அழுத்தத்தில் குறைவு வந்து ஓய்வில் சரியானதுபோல் பொய்த் தோற்றம் வரும். அனுபவமுள்ள டாக்டர் முப்பரிமாணமாக மாற்றுவதற்கு முன்னுள்ள சுழலும் படத்தை ஓடவிட்டு அதைக் கவனிப்பார்.

அடுத்து இ.எஃப். 78. பலர் இதைப் படித்துவிட்டு, இதயம் மற்றவர்களைவிட வலுவாக இருக்கிறது என்று மகிழ்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறிய இதயம் முழுதாகச் சுருங்கும்போது உள்ளறை மிகச் சிறியதாகிவிடும். எதிரெதிர்ச் சுவர்களின் மங்கல் அந்த அறைக்குள் வழிந்து ஒன்றையொன்று தொட்டுவிடும். கம்ப்யூட்டர் அறையை உண்மையில் இருப்பதைவிடச் சின்னதாக வரைகிறது. சுருங்கியபின் மிஞ்சும் ரத்தம் குறைவாகக் கணக்காகிறது, இ.எஃப். உயர்ந்து வருகிறது. சிறிய இதயமுள்ள பெண்களில் இது அடிக்கடி நடக்கும். 78 என்பதை 'இயல்பு' என்று மட்டும் படியுங்கள். நாளை எக்கோவில் 65 என்று வந்தால் இதயம் பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஒரு முறையில் வந்த எண்ணை இன்னொரு முறையில் வந்த எண்ணோடு கழித்துப் பார்ப்பதே சரியல்ல.

படம் தேவைக்கு மேல் மங்கியிருக்கிறதா என்று சந்தேகப்பட நியாயமான காரணங்கள் சில இருக்கின்றன. கோலிமேட்டர் வழியாக வரும் படம், கேமரா விலக விலக மங்கும். கூர்மைக்கென்றே செய்த வழக்கமான கோலிமேட்டரில் 10 சென்டிமீட்டர் தூரத்தில் 7-8 மில்லிமீட்டராக இருக்கும் ரெசல்யூஷன், 20 சென்டிமீட்டரில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். கேமரா நெஞ்சை உரசுவதுபோல் வந்து நிற்பதற்கு இதுதான் காரணம். கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வதும் கேமராவுக்கு வழிவிடத்தான். தோள் வலியால் கையைத் தூக்க முடியாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாதியில் கை இறங்கினால் உடம்பும் அசையும், படம் கெடும். ஒரு சென்டிமீட்டர் அசைவு போதும், இல்லாத குறைவு படத்தில் வந்துவிடும். மூச்சை அடக்கவும் வேண்டாம், ஆழமாக இழுக்கவும் வேண்டாம்; எப்போதும்போல் விட்டால் போதும். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு ஈ.சி.ஜி. வைத்துப் பிரித்த படம் நம்பகம் குறைந்ததாக இருக்கும். அசைவு இருந்ததாகத் தெரிந்தால் அன்றே திரும்ப எடுப்பதுதான் முறை. டெக்னீசியத்தின் அரைவாழ்வு (கதிர்வீச்சு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 6 மணி நேரம் என்பதால் மறுபடி ஊசி தேவைப்படாது.

புதிய மெஷின்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். காட்மியம் ஜிங்க் டெலுரைடு என்ற குறைகடத்தியில் செய்த இதயத்துக்கென்றே ஆன கேமராக்கள் வந்திருக்கின்றன. பல சிறு உணரிகள் இதயத்தை மட்டும் குறிவைப்பதால் பல மடங்கு கதிரைப் பிடிக்கின்றன. ரெசல்யூஷனும் 10 மில்லிமீட்டருக்குள் வருகிறது. படம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கிடைத்த லாபத்தை மருந்தின் அளவைக் குறைக்கவும் நேரத்தைச் சுருக்கவும் செலவிடுவதே நல்லது என்பது என் கருத்து. நோயாளிக்கு நேரடியாகப் பயன்படுவது அதுதான். பழைய கேமராவின் படத்தைக் கணக்குப் போட்டுக் கூர்மையாக்கும் மென்பொருளும் இருக்கிறது. உதவும், ஆனால் விளிம்புகளை மிகைப்படுத்தி, இதய நுனியின் இயல்பான மெலிவைக்கூடப் பெரிதாகக் காட்டிவிடும். கூர்மையாகத் தெரிவதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாசிட்ரான் என்ற துகளை வெளிவிடும் மருந்தை வைத்து எடுக்கும் பெட் ஸ்கேனில் இதயப் படம் இன்னும் தெளிவு, 4 முதல் 6 மில்லிமீட்டர். அதற்குப் பயன்படும் மருந்துகளில் ருபிடியம் 82-இன் அரைவாழ்வு சுமார் 76 விநாடி, அம்மோனியாவில் உள்ள நைட்ரஜன் 13-க்குச் சுமார் 10 நிமிடம். ஃபுளோரின் 18 சேர்த்த ஃப்ளூர்பிரிடாஸ் 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அரைவாழ்வு 110 நிமிடம். ருபிடியம் வெளிவிடும் பாசிட்ரான் சில மில்லிமீட்டர் ஓடிவிட்டுத்தான் நிற்கும் என்பதால் அந்தப் படம் சற்றுக் குறைந்த கூர்மையோடுதான் இருக்கும். ஆனால் பெட்டின் பெரிய பலம் கூர்மையைவிட, ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் என்று அளந்து சொல்வதில் இருக்கிறது. ஸ்பெக்ட் படம் ஒப்பீட்டுப் படம்: மிகப் பிரகாசமான இடத்தை 100 என்று வைத்து மற்றதை அளக்கிறது. மூன்று முக்கியக் குழாய்களும் ஒரே அளவுக்குச் சுருங்கியிருந்தால் எல்லாச் சுவரும் சேர்ந்தே மங்கி, படம் சமமாக, நல்லதுபோலத் தெரியலாம். எவ்வளவு ரெசல்யூஷன் இருந்தாலும் அந்த ஏமாற்றத்தை அது மட்டும் தீர்க்காது. அழுத்தத்தின்போது ஈ.சி.ஜி. மாற்றம், ரத்த அழுத்தம் விழுவது, அழுத்தப் படத்தில் இதய அறை பெரிதாகத் தெரிவது போன்றவற்றையும் டாக்டர் சேர்த்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

இப்போது செய்ய வேண்டியது. கையில் இருக்கும் வண்ணத் தாளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த நிறங்கள் உடம்பில் இல்லை. கம்ப்யூட்டர் ஏற்றிய நிறங்கள் அவை. ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இல்லாத எல்லைக்கோடு ஒன்று கண்ணுக்குத் தோன்றும். நான் எப்போதும் கறுப்பு வெள்ளையில் பார்த்த பிறகுதான் வண்ணத்துக்குப் போவேன். ஸ்கேன் மையத்தில் முழுத் தரவும் உள்ள குறுந்தட்டைக் கேட்டு வாங்கி, அம்மாவின் இதய டாக்டரிடம் கொடுங்கள். முன்சுவர் குறைவு இரண்டு படத்திலும் ஒரே மாதிரி இருந்ததா, அந்தச் சுவரின் அசைவும் தடிப்பும் இயல்பா, சி.டி. திருத்தமோ குப்புறப் படுத்த படமோ எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். முதல் இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் இது இயல்பான ஸ்கேன் என்று நம்பலாம். இயல்பான ஸ்கேன் உள்ளவர்களில் மாரடைப்போ இதயத்தால் மரணமோ நேரும் வாய்ப்பு, பொதுவாக ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், நடக்க முடியாமல் மருந்து கொடுத்துச் சோதிக்கப்பட்டவர்களுக்கும் அது சற்றுக் கூடுதல். அழுத்தத்தில் மட்டும் குறைவு வந்திருந்தால், அப்போது சி.டி. ஆஞ்சியோவோ பெட்டோ தேவையா என்று டாக்டர் சொல்வார்.

ஸ்கேன் இயல்பு என்று முடிவானாலும் அம்மாவுக்கு மூச்சு வாங்குவது அப்படியே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். எக்கோவில் வால்வும், இதயம் தளர்ந்து விரியும் திறனும் பார்க்கப்பட்டதா? ஹீமோகுளோபின், தைராய்டு, நுரையீரல் பரிசோதனை ஆயிற்றா? இதுவரை பார்க்காதது எதுவோ, அடுத்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.